சுற்றுவதெல்லாம் ஓடுவதல்ல!

"எஞ்சின் நின்னா என்னப்பா பண்ணுவே?"

எங்கள் துறைத் தலைவர் கேட்ட இந்த ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடி நாங்கள் நான்கு பேர் ஒரு வருடம் அலைந்த கதைதான் இது. ஆண்டு மலருக்குக் கவிதை கொடுக்க நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. கையில் கிரீஸ் படிந்தவனுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள்க!

இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புக் கேட்டபோது மற்றக் குழுக்கள் தேங்காய் உரிக்கும் இயந்திரம், கடலை உடைக்கும் இயந்திரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? "ஒருவர் அமர்ந்து பறக்கும் சிறு விமானம்"! பழைய பைக் எஞ்சின், அலுமினியக் குழாய், ஆசாரி செதுக்கிக் கொடுக்கும் மர விசிறி. படம்கூட வரைந்துவிட்டோம். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. படத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி.

"கீழே இறங்கிடுவோம் சார்" என்றான் எங்களில் ஒருவன்.

"எப்படி இறங்குவே? உன் விசிறி அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கும்? நிக்குமா, சுத்துமா? எது நல்லது? சொல்லிட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

நமக்கு முன்னே பறந்தவர்கள்

அன்று இரவு விடுதியில் எங்களுக்கு ஒரே கோபம். வீட்டிலேயே விமானம் செய்தவர்கள் உலகத்தில் இல்லையா? 1903 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் பறந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள்தானே? அவர்களும் தங்கள் விசிறியைத் தாங்களே மரத்தில் செதுக்கியவர்கள்தானே?

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்! 1910-லேயே நம் சென்னையில் ஒரு விமானம் உருவாகிப் பறந்திருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் அதைத் திட்டமிட, சிம்ப்சன் கம்பெனி கட்டிக் கொடுத்தது. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னால் பறந்து காட்டினார். 1980-களில் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம், அமெரிக்காவின் பர்ட் ருட்டான் வீட்டில் கட்டுகிறவர்களுக்காக வரைந்த 'லாங் ஈஸி' என்ற விமானத்தின் அடிப்படையில் ஓர் ஆராய்ச்சி விமானத்தையே செய்து பறக்கவிட்டது. மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டி, 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார்.

ஆனால் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், தானே ஹெலிகாப்டர் செய்துவந்த ஓர் இளைஞர், தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது விசிறித் தகடு உடைந்து அடித்து இறந்துபோனார். அவரும் நம்மைப்போல வெல்டிங்கும் ஃபேப்ரிகேஷனும் தெரிந்தவர். இருபத்து நான்கே வயது! அதைப் படித்தபோது எங்கள் கோபம் இறங்கிவிட்டது. சார் எங்களை மட்டம் தட்டவில்லை. எங்கள் உயிரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்.

பனையோலைக் காற்றாடி

சின்ன வயதில் பனையோலைக் காற்றாடி செய்து கருவேல முள்ளில் குத்திக்கொண்டு ஓடாதவர்கள் நம் புதுக்கோட்டைச் சீமையில் யார் இருக்கிறார்கள்? நாம் ஓடினால் அது சுற்றும். நின்றால் நின்றுவிடும். அப்படியானால் அதைச் சுற்ற வைப்பது எது? நம் கால்கள்! காலையில் அம்மா ஊற்றிக் கொடுத்த கஞ்சி!

பறக்கும்போது எஞ்சின் நின்றுபோன விமானத்திலும் இதுவேதான் நடக்கிறது. எஞ்சின் ஓடும்வரை விசிறி, மரத்தில் ஏறும் திருகாணியைப்போலக் காற்றைக் குடைந்து முன்னேறி விமானத்தை இழுக்கிறது. எஞ்சின் நின்றதும் விசிறியின் வேகம் குறைகிறது. ஆனால் விமானத்தின் வேகம் உடனே குறைவதில்லை. எனவே எதிர்க்காற்று விசிறி இதழ்களின் முன்முகத்தில் வந்து அறைகிறது. இதுவரை இழுத்துக்கொண்டு போன விசிறி இப்போது பின்னுக்குத் தள்ளுகிறது. அதோடு, அந்தக் காற்றே அதைச் சுற்றவும் வைக்கிறது. அதாவது விசிறி காற்றாடியாக மாறிவிடுகிறது.

இந்தச் சுற்றலுக்குக் கஞ்சி ஊற்றுவது யார்? பெட்ரோல் இல்லை. விமானம் வைத்திருக்கும் ஒரே சொத்து அதன் உயரம். அந்த உயரத்தைத் தின்றுதான் விசிறி சுற்றுகிறது, செத்த எஞ்சினின் பிஸ்டன்களை வீணாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு!

அப்பாவின் ஆயில் எஞ்சின்

சரி, விசிறி எப்போது சுற்றும், எப்போது நின்றுவிடும்? இதற்கான விடை எனக்கு என் வீட்டிலேயே கிடைத்தது.

ஆலங்குடிப் பக்கம் அப்பாவுக்குச் சிறிய ஒர்க்‌ஷாப். ஆயில் எஞ்சின் ரிப்பேர்தான் தொழில். ஒரு காலத்தில் சுற்றுப்பட்டு ஊர்களில் இறைக்கிற எஞ்சின் எல்லாம் அப்பாவின் கைபட்டதுதான். 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. பிறகு போர்வெல் ஆழமாக ஆக, சப்மெர்சிபிள் மோட்டார் வந்தது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது மட்டும் அப்பாவைத் தேடி ஆள் மேல் ஆள் வந்தது. அதோடு சரி.

ஆனாலும் அப்பா தினமும் காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்து, ஓர் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிடுவார். எந்த வேலைக்கும் இல்லை. "சத்தம் கேட்டாத்தான் தம்பி கடை இருக்குன்னு ஊருக்குத் தெரியும்" என்பார்.

என் கேள்வியைச் சொன்னதும் அப்பா எஞ்சின் பக்கம் போனார். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினார். பூனைக்குட்டி மாதிரி சுற்றியது. லீவரை இறக்கிவிட்டு, "இப்ப சுத்து" என்றார். என் பலம் முழுவதையும் கொடுத்தும் ஒரு சுற்றுக்குமேல் போகவில்லை.

"உள்ள அடைபட்ட காத்துதான் பூட்டு. அந்தப் பூட்டைத் தாண்டற அளவு எதிர்க்காத்துக்குப் பலம் இருந்தா உன் விசிறி சுத்தும். இல்லாட்டி நிக்கும். ஓடிக்கிட்டு இருக்கற சக்கரத்தை ஓட்டறது லேசு. நின்னதை மறுபடி கெளப்பறதுதான் கஷ்டம்" என்றார்.

எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் என் அப்பா. பின்னால் புத்தகத்தில் படித்தபோது ஒரு வரிகூட மாறாமல் அதுவே இருந்தது. விசிறி நேரடியாக எஞ்சின் தண்டிலேயே பூட்டியிருக்கும் லைகமிங், கான்டினென்டல் போன்ற எஞ்சின்களில், வழக்கமான இறங்கு வேகத்திலேயே விசிறி பெரும்பாலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருமுறை நின்றுவிட்டால், அதை மறுபடி காற்றால் சுற்ற வைக்க இன்னும் அதிக வேகம் வேண்டும். அதற்கு மூக்கைக் கவிழ்த்துப் பாய வேண்டும். அதற்கும் உயரம்தான் செலவு.

சிறு விமானங்களில் இப்போது பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் கதை வேறு. நடுவில் கியர் பாக்ஸ் உண்டு. அதன் 100 குதிரைத்திறன் வகையில் விசிறி ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் 2.43 சுற்றுச் சுற்றியாக வேண்டும். பைக்கை நான்காவது கியரில் போட்டுத் தள்ளிப் பாருங்கள், நகரும். முதல் கியரில் போட்டுத் தள்ளிப் பாருங்கள், அடம் பிடிக்கும்! அதுபோலத்தான். இந்த வகையில் எஞ்சின் அணைந்தால் விசிறி பெரும்பாலும் சட்டென்று நின்றுவிடும். முன்னால் ஒரு கட்டை அசையாமல் நிற்பதைப் பார்த்து, பழக்கமில்லாதவருக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் பயப்பட வேண்டியது அதற்கில்லை!

கோட்டைப்பட்டினத்துக் குழப்பம்

நின்ற விசிறி நல்லதா, சுற்றும் விசிறி நல்லதா? எங்கள் குழுவில் ஒருவன் கோட்டைப்பட்டினத்துக்காரன். அவன் சித்தப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். விடுமுறையில் போனபோது அவரிடமே கேட்டோம்.

"இதுல என்னப்பா சந்தேகம்? எஞ்சின் நின்ன படகைக் கட்டி இழுக்கும்போது, கியர்ல கெடந்து விசிறி பூட்டிக்கிட்டா இழுவை கூடும். நியூட்ரல்ல விட்டுச் சுத்த விட்டா லேசா வரும்" என்றார்.

போச்சு! புத்தகம் சொல்வது நேர் எதிராக இருந்தது. சாதாரணச் சிறு விமானத்தில், சுற்றும் விசிறிதான் நின்ற விசிறியைவிட அதிகம் இழுக்கும் என்று போட்டிருந்தது. நாற்பது வருடம் கடலில் இருந்தவர் பொய் சொல்வாரா? புத்தகம் பொய் சொல்லுமா?

இரண்டு இரவு மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. இருவர் சொல்வதும் உண்மை! படகு விசிறியின் இதழ்கள் முறம்போல அகலம். நின்றால் கிட்டத்தட்ட வட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு தண்ணீரை மறிக்கும். விமான விசிறியோ ஒல்லிக்கட்டை. நின்றால் இரண்டு மெல்லிய இதழ்கள்தான் காற்றை மறிக்கும். காற்று மிச்ச இடத்தில் தாராளமாகப் புகுந்து போகும். ஆனால் அதே ஒல்லிக்கட்டை வேகமாகச் சுற்றும்போது வட்டம் முழுவதும் காற்றைப் பிடித்துக் கலக்குகிறது. சுற்றும் சீலிங் ஃபேனில் இதழ்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரு தட்டுப்போலத் தெரிகிறதல்லவா? காற்றுக்கும் அது கொஞ்சம் தட்டுப்போலத்தான்.

இதழின் சாய்வும் முக்கியம். சாய்வு குறைவாக, வட்டத்தோடு படிந்தாற்போல் இருந்தால், சுற்றும்போது இழுவை மிக அதிகம். சாய்வு கூடக்கூட அது குறையும். இதழைக் காற்றோட்டத்துக்கு நேராகக் கத்தி விளிம்புபோல் திருப்பி நிறுத்திவிட்டால் எல்லாவற்றிலும் குறைவு. இரட்டை எஞ்சின் விமானங்களில் அதற்கு வசதி உண்டு. ஆசாரி செதுக்கிய ஒற்றை மரக்கட்டைக்கு அந்த வசதி ஏது?

கண்மாய்க்குள் ஒரு விமானம்

கண்ணால் பார்க்காமல் சாரிடம் போவதில்லை என்று முடிவு செய்தோம். மூன்றடி நீளத்தில் ஒரு மர விசிறி செதுக்கி வாங்கினோம். முன்னும் பின்னும் நகரும் ஒரு சட்டத்தில் பேரிங் வைத்து அதைப் பூட்டி, பின்னால் ஒரு ஸ்பிரிங் தராசு. எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியின் தலைக்குமேல் ஏற்றினோம். கோடையில் வற்றிக் காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் விடியற்காலையில் ஓட்டினோம். சாரும் வந்திருந்தார். அவர் போட்ட முதல் கட்டளை: "விசிறி சுத்துற தளத்துக்கு நேரா ஒருத்தனும் நிக்கக் கூடாது!" யவத்மால் அவர் மனதிலும் இருந்திருக்க வேண்டும்.

முதலில் விசிறியைக் கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டினோம். தராசு முள் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டினோம். விசிறி 'விர்'ரென்று அழகாகச் சுற்றியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்கள் கைதட்டினார்கள். தராசு முள்ளோ முன்பு நின்ற இடத்தைப்போல இரண்டு மடங்கையும் தாண்டிப் போய் நின்றது! நாங்கள் செய்தது நாட்டு வைத்தியச் சோதனைதான். ஆனாலும் எந்தப் பக்கம் கனம் என்று ஐயமறத் தெரிந்துவிட்டது.

ஆக, கைதட்டு வாங்கியதுதான் பிரேக்காக இருந்தது. அசையாமல் கிடந்ததுதான் நண்பனாக இருந்தது.

"அப்ப எஞ்சின் நின்னதும் விசிறியை நிறுத்திடணும், அதானே சார்?" என்று துள்ளினேன்.

"எப்படி நிறுத்துவே?"

புத்தகத்தில் இருந்தது. மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால், காற்றுக்குப் பலம் போதாமல் விசிறி நின்றுவிடும். ஆனால் அந்த அளவுக்கு வேகம் குறைந்தால் இறக்கையும் காற்றைப் பிடிக்காமல் 'ஸ்டால்' ஆகி விமானம் சரியும் நிலைக்குப் பக்கத்தில் போய்விடும். மேலே நிறைய உயரம் இருந்தால் அதைச் செய்து பார்க்கலாம். தரைக்கு அருகில் செய்தால் விசிறியை நிறுத்தப் போய் ஆளே நின்றுவிட வேண்டியதுதான்.

"அதான். மொதல்ல மூக்கை இறக்கி வேகத்தைக் காப்பாத்து. அடுத்தது எறங்க எடம் பாரு. விசிறி கதையெல்லாம் அப்புறம்தான்" என்றார் சார்.

செஸ்னா 172 என்ற பிரபலமான சிறு விமானத்தின் கையேட்டில், எஞ்சின் நின்றபின் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒரு வரைபடம் உண்டு. விசிறி காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும் என்று வைத்தே அதைப் போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்பது. 1000 அடி இறங்குவதற்குள் காற்றில்லாத நாளில் சுமார் 2.7 கிலோமீட்டர் போகும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே 3000 அடியில் எஞ்சின் நின்றால் சுமார் 8 கிலோமீட்டர்தான். திருமயம் கோட்டைக்குப் பாதி வழிகூட வராது! நாம் கட்டும் கம்பியும் குழாயுமான விமானம் அவ்வளவும் போகாது. அதற்குள் தைலமரக் காட்டைத் தவிர்த்து, கடலை பிடுங்கிய வயலோ வறண்ட கண்மாயோ பார்த்தாக வேண்டும்.

1908 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட் மையரில் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் விசிறி இதழ் பிளந்தது. எஞ்சினை அணைத்துச் சறுக்கி இறங்கப் பார்த்தார். முடியவில்லை. கூட இருந்த லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். எஞ்சின் விமானத்தில் போன முதல் உயிர் அது. விமானத்தைக் கண்டுபிடித்தவருக்கே அந்த நிலைமை!

ஒரு காலை வேளை

இனி எழுதுவதை எழுதலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன்.

ரிப்போர்ட்டை எழுதி முடித்த இரவு, அப்பா அதை வாங்கிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சுத்திக்கிட்டே இருக்கறதுதான் கெடுதலா?"

"ஆமாப்பா. பாக்கறவங்களுக்கு ஓடற மாதிரியே இருக்கும். ஆனா அது சுத்தறதுக்கு உயரத்தைத் தின்னும்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"எப்ப நிறுத்தணும்?"

"உயரம் நெறைய இருக்கறப்பவே நிறுத்தணும்ப்பா. தரைகிட்ட வந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது."

விமானத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. அம்மா பயந்துபோய் என்னை எழுப்பினார். கடைக்கு ஓடினேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து கடன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தார். கடை வாடகை, வட்டி, தினமும் சும்மா ஓடிய எஞ்சினுக்கு டீசல். அந்த நோட்டில் என் செமஸ்டர் ஃபீஸும் இருந்தது. இத்தனை நாள் நான் படித்ததும் அந்த உயரத்திலிருந்துதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான் கடையைச் சொல்லலப்பா..." என்றேன். எனக்குக் குரல் வரவில்லை.

"தெரியும் தம்பி. இன்னும் வீடு கையில இருக்கு. எறங்க எடம் பாத்துக்கலாம்" என்றார்.

பொங்கலுக்குள் கடையை ஒப்படைத்தார். இரண்டு எஞ்சின்களை விற்றுக் கடனில் பெரும்பகுதியை அடைத்தார். லேத்தை மட்டும் விற்கவில்லை. இப்போது நண்பர் ஒருவரின் மோட்டார் காயில் கட்டும் கடையில் அந்த லேத்தோடு பங்காளியாக இருக்கிறார். எந்த மோட்டார் தன் தொழிலைத் தின்றதோ அதற்கே புஷ் கடைந்து கொடுக்கிறார்! முதல் சில வாரங்கள் காலை எட்டு மணியானால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அவரே சிரித்துக்கொண்டு, "என்ன பைலட்டு, இன்னிக்கு எத்தனை அடியில பறக்கறே?" என்று கேட்கிறார்.

நண்பர்களே! நாங்கள் விமானம் செய்யவில்லை. தலைப்பை மாற்றி, "எஞ்சின் நின்றபின் விசிறியின் இழுவை" என்று எழுதிக் கொடுத்தோம். சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கயிறு கட்டிய தழும்போடு அந்த மர விசிறி எங்கள் லேப் சுவரில் தொங்குகிறது. ஜூனியர் தம்பி, தங்கைகள் அவசியம் போய்ப் பாருங்கள். விரலால் தட்டினால் இப்போதும் அழகாகச் சுற்றும்.

சுற்றும்போது யாருடைய செலவில் சுற்றுகிறது என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை